காமா பரவலும் கணினியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காத்திருப்பு நேரம், மழை அளவு மாதிரி நேர்மதிப்பு மட்டுமே எடுக்கும் அளவுகள் எப்படிச் சிதறிக் கிடக்கும் என்பதைச் சொல்லும், வலப்பக்கம் சாய்ந்த நிகழ்தகவு வளைவுதான் காமா பரவல். முதலில் ஒரு சின்னச் சோதனை. ஆர் மொழியில் டிகாமா(1, 2, 3) என்று தட்டினால் 0.448 வரும். அதே எண்களை அதே வரிசையில் எக்செலின் காமா.டிஸ்ட்டுக்குக் கொடுத்து, நான்காவதாக ஃபால்ஸ் போட்டால் 0.0796 வரும். பைதானில் சைபையின் காமா.பிடிஎஃப்புக்குக் கொடுத்தால் வருவது சுத்தமாக 0. மூன்று விடையும் சரிதான்.

காமா பரவலைப் பற்றி என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வழியாக இந்த இடத்துக்கே வந்து சேர்கின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கட்டளைகளை உச்சரிக்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று விடைகளும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

காமா பரவலுக்கு இரண்டு அளவுருக்கள். முதலாவது ஷேப், வளைவின் வடிவத்தைத் தீர்மானிப்பது. அதில் யாருக்கும் சண்டை இல்லை. இரண்டாவதில்தான் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு கட்சி ஸ்கேலைக் கேட்கும். சராசரி என்பது ஷேப்பையும் ஸ்கேலையும் பெருக்கினால் வருவது. மறு கட்சி ரேட்டைக் கேட்கும். அது ஸ்கேலின் தலைகீழி, ஆகவே சராசரிக்கு ஷேப்பை ரேட்டால் வகுக்க வேண்டும்.

மேலே கொடுத்த எண்களில் 1 என்பது அடர்த்தியை, அதாவது வளைவின் உயரத்தை, எந்த இடத்தில் பார்க்கிறோம் என்பது; 2 ஷேப். ஆர் மொழியில் ஷேப்பை அடுத்த இடம் ரேட்டுக்கு உரியது. அதனால் மேலே உள்ள 3 ரேட்டாகப் போனது, சராசரி 2/3. எக்செலில் அந்த இடம் ஸ்கேலுக்கு, சராசரி 6. சைபையின் கதை வேறு. அங்கே ஷேப்பை அடுத்து வருவது லொக், அதாவது வளைவை வலப்பக்கம் எவ்வளவு நகர்த்துவது என்பது. ஸ்கேல் அதற்கும் அடுத்த இடத்தில். நீங்கள் கொடுத்த 3 வளைவை மூன்று அலகு தள்ளிவிட்டது. 3-இல் தொடங்குகிற பரவலுக்கு 1-இல் அடர்த்தி பூஜ்யம்தானே.

இந்தத் தப்பு எந்தப் பிழைச் செய்தியும் தராது. விடை வரும், படம் வரும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஒரு முறை ஓர் அலுவலகத்தின் டோக்கன் வரிசையைக் கணினியில் நடத்திப் பார்க்க ஒரு பாவனை மாதிரி, அதாவது சிமுலேஷன், எழுதினேன். ஒருவருக்கு வேலை முடிய ஆகும் நேரம் ஷேப் 4, ஸ்கேல் 3 நிமிடம், சராசரி 12 நிமிடம் என்று எக்செலில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். நான் அந்த 4, 3 இரண்டையும் அப்படியே, ஆர் மொழியில் சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் ஆர்காமாவுக்குள் போட்டுவிட்டேன். சராசரி ஒரு நிமிடம் இருபது விநாடியாகிவிட்டது. வரிசையே இல்லாத அலுவலகம்! ஒரு ஜன்னலை மூடிவிடலாம் என்று பரிந்துரை எழுதுகிற அளவுக்குப் போய், அப்புறம்தான் எனக்கே சந்தேகம் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு பழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறேன். இரண்டாவது அளவுருவை இடத்தை நம்பிக் கொடுப்பதில்லை; ஷேப் = 4, ஸ்கேல் = 3 என்று பெயர் சொல்லியே கொடுப்பேன். மாதிரியை ஓட்டும் முன் பத்தாயிரம் எண்களை உருவாக்கி, அவற்றின் சராசரி நான் எதிர்பார்த்ததுதானா என்று ஒரு வரியில் பார்த்துவிடுவேன்.

எந்த மென்பொருள் எந்தக் கட்சி?

முன்கருத்தையும் தரவையும் சேர்த்துக் கணக்கிடும் பேயஸ் முறைக்காரர்கள் பெரும்பாலும் ரேட் கட்சி. ஸ்டான், ஜாக்ஸ், பழைய பக்ஸ், பைஎம்சி எல்லாவற்றிலும் இரண்டாவது எண் ரேட். பைடார்ச்சும் அப்படித்தான்; அங்கே ஷேப்புக்குப் பெயர் கான்சன்ட்ரேஷன். எக்செல், மேட்லாபின் காம்பிடிஎஃப், ஜூலியாவின் டிஸ்ட்ரிப்யூஷன்ஸ் தொகுப்பு, நம்பை எல்லாம் ஸ்கேல் கட்சி. ஆர் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும், பெயர் சொன்னால்.

பெயரை வைத்து மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள், குறிப்பாக பீட்டா என்ற பெயரை வைத்து. எக்செலில் பீட்டா என்றால் ஸ்கேல். பைதானோடு வரும் ராண்டம் தொகுப்பின் காமாவேரியேட்டிலும் பீட்டா என்பது ஸ்கேல்தான். ஸ்டானிலும் பைஎம்சியிலும் அதே பீட்டா ரேட். ஒரே பைதான் நிரலுக்குள் பைஎம்சியும் ராண்டமும் இருந்தால் ஒரே பெயருக்கு இரண்டு எதிரெதிர் பொருள் வந்துவிடும். இதை யாரும் வேண்டுமென்றே செய்யவில்லை, பழைய புத்தக மரபுகளின் எச்சம். ஆனாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஆவணத்தைப் புரட்ட நேரமில்லை என்றால் மேலே சொன்ன டிகாமா சோதனையையே வைத்துக்கொள்ளலாம். எந்த மென்பொருளானாலும் 1, 2, 3 கொடுத்துப் பாருங்கள். 0.448 என்றால் ரேட். 0.0796 என்றால் ஸ்கேல்.

ஆர் மொழியில் ரேட், ஸ்கேல் இரண்டையும் கொடுத்தால்?

இரண்டும் பொருந்தாவிட்டால் பிழை சொல்லி நின்றுவிடும். ஒன்றுக்கொன்று சரியான தலைகீழியாக இருந்தால் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டுக் கணக்கிடும். ஒன்றை மட்டும் கொடுங்கள்.

ஷேப் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு நிகழ்வுக்கும் அடுத்த நிகழ்வுக்கும் இடையே உள்ள காத்திருப்பு அடுக்குக்குறிப் பரவலில் (எக்ஸ்போனென்ஷியல்) இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது நிகழ்வு வரும்வரை ஆகும் மொத்த நேரம்தான் ஷேப் 4 உள்ள காமா. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த ஏ. கே. எர்லாங் அழைப்பு நெரிசலை ஆராய்ந்தவர். முழு எண் ஷேப் உள்ள காமாவை இன்றும் எர்லாங் பரவல் என்றே சொல்கிறார்கள். ஷேப் 1 என்றால் அது வெறும் அடுக்குக்குறிப் பரவல்.

ஷேப் முழு எண்ணாக இருக்கத் தேவையில்லை. நடைமுறையில் நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன்: ஷேப்பின் வர்க்கமூலத்தைத் தலைகீழாக்கினால், திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை பங்கு என்பது வந்துவிடும். ஷேப் 4 என்றால் திட்ட விலக்கம் சராசரியில் பாதி. ஷேப் 100 என்றால் பத்தில் ஒரு பங்கு. வளைவு ஏறக்குறைய இயல்நிலைப் பரவல் மாதிரி ஆகிவிடும். ஷேப் 1-க்குக் கீழே போனால் பூஜ்யத்தின் அருகே மதிப்புகள் குவிந்து, வலப்பக்கம் நீண்ட வால் இருக்கும். ஸ்கேலுக்கு இந்த வடிவத்தில் எந்தப் பங்கும் இல்லை. நிமிடத்தை விநாடியாக மாற்றினால் ஸ்கேல் அறுபது மடங்காகும், ஷேப் அசையாது.

என் கையில் சராசரியும் திட்ட விலக்கமும் மட்டுமே இருக்கின்றன. என்ன செய்வது?

திட்ட விலக்கத்தை வர்க்கப்படுத்தினால் பரவற்படி, அதாவது வேரியன்ஸ். சராசரியின் வர்க்கத்தைப் பரவற்படியால் வகுத்தால் ஷேப். பரவற்படியைச் சராசரியால் வகுத்தால் ஸ்கேல். சராசரி 12, திட்ட விலக்கம் 6 என்றால் ஷேப் 144/36, அதாவது 4. ஸ்கேல் 36/12, அதாவது 3. பைஎம்சியில் இந்தக் கணக்குக்கூட வேண்டாம். மியூ, சிக்மா என்று சராசரியையும் திட்ட விலக்கத்தையும் நேரடியாகவே கொடுக்கலாம். மற்ற மென்பொருள்களும் இந்த வசதியைத் தந்திருக்கலாம்.

டிகாமா, பிகாமா, க்யூகாமா, ஆர்காமா: எது எதற்கு?

டி என்பது அடர்த்தி. பி என்பது ஒரு மதிப்புக்குக் கீழே எவ்வளவு நிகழ்தகவு என்பது. க்யூ அதன் எதிர்த்திசை. நிகழ்தகவைக் கொடுத்தால் மதிப்பு வரும். ஆர் சமவாய்ப்பு எண்களை உருவாக்கும். சைபையில் இவற்றுக்கு முறையே பிடிஎஃப், சிடிஎஃப், பிபிஎஃப், ஆர்விஎஸ் என்று பெயர்.

நம் டோக்கன் வரிசையையே எடுத்துக்கொள்வோம், ஷேப் 4, ஸ்கேல் 3. ஒருவருக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகும் வாய்ப்பு எவ்வளவு? பிகாமா(20, ஷேப் = 4, ஸ்கேல் = 3, லோயர்.டெயில் = ஃபால்ஸ்) என்று கேட்டால் 0.101 வரும், பத்துக்கு ஒருவர். திருப்பிக் கேளுங்கள்: பத்தில் ஒன்பது பேருக்கு எத்தனை நிமிடத்துக்குள் முடியும்? க்யூகாமா(0.9, ஷேப் = 4, ஸ்கேல் = 3) 20.04 என்று சொல்லும். பாதிப் பேருக்கு 11.0 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், சராசரி 12 ஆனாலும். வளைவின் உச்சி 9-இல். உச்சி, இடைநிலை, சராசரி மூன்றும் இப்படி விலகி நிற்பதுதான் வலப்பக்கம் சாய்ந்த பரவலின் குணம். 'சராசரி பன்னிரண்டு நிமிடம்' என்று பலகை வைத்தால், வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதற்கு முன்பே வெளியே வந்துவிடுவார்கள்.

டிகாமா 3.03 என்று சொல்கிறது. நிகழ்தகவு எப்படி 1-ஐத் தாண்டும்?

அது நிகழ்தகவு இல்லை, அடர்த்தி. வளைவுக்குக் கீழே உள்ள மொத்தப் பரப்புதான் 1; உயரம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். டிகாமா(0.1, ஷேப் = 1, ரேட் = 5) உண்மையிலேயே 3.03தான். ஷேப் 1-க்குக் கீழே இருந்தால் பூஜ்யத்தில் அடர்த்தி முடிவிலி. ஆர் அதை இன்ஃப் என்று காட்டும், பயப்பட வேண்டாம்.

சைபையின் ஃபிட் கொடுக்கும் அளவுருக்கள் ஆர் கொடுப்பதோடு ஒத்துப்போகவே இல்லையே?

மறுபடியும் லொக்தான் காரணம். காமா.ஃபிட்(தரவு) என்று மட்டும் கொடுத்தால் சைபை ஷேப், லொக், ஸ்கேல் மூன்றையும் தேடும். நீங்கள் நினைத்தது பூஜ்யத்தில் தொடங்கும் இரண்டு அளவுருக் காமா. அது பொருத்தியதோ எங்கே வேண்டுமானாலும் தொடங்கக்கூடிய மூன்று அளவுருப் பரவல். நீரியல்காரர்கள் பியர்சன் மூன்றாம் வகை என்று சொல்வது இதைத்தான். லொக் குறைமதிப்பாகக்கூட வரும். காத்திருப்பு நேரம் மைனஸ் இரண்டு நிமிடத்தில் தொடங்குகிறது என்று யாருக்கு விளக்குவீர்கள்?

தீர்வு ஒரே வார்த்தை: எஃப்லொக் = 0. லொக்கைப் பூஜ்யத்தில் கட்டிப்போடு என்று பொருள். திரும்பி வருவது மூன்று எண்கள். நடுவில் இருப்பது அந்தப் பூஜ்யம். இரண்டாவது எண்ணை ஸ்கேல் என்று எடுத்துக்கொண்டு, 'ஸ்கேல் பூஜ்யமாக வருகிறது' என்று புகார் சொன்னவர்களும் உண்டு.

லொக்கைச் சுதந்திரமாக விடுவதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. ஷேப் 1-க்குக் கீழே போகக்கூடிய தரவில், தொடக்கப் புள்ளியை மிகச்சிறிய தரவுப் புள்ளிக்கு நெருங்க நெருங்க லைக்லிஹுட், அதாவது அளவுருக்கள் தரவோடு எவ்வளவு பொருந்துகின்றன என்னும் அளவு, எல்லையில்லாமல் ஏறும். அந்த மலைக்கு உச்சியே கிடையாது. தேடுகிற நிரல் எங்கே களைத்து நிற்கிறதோ அதுவே விடையாகிவிடும். தரவு உண்மையிலேயே ஒரு குறைந்தபட்ச மதிப்பிலிருந்துதான் தொடங்குகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்த மதிப்பை நீங்களே கழித்துவிட்டுப் பொருத்துவது நல்லது.

ஆர் மொழியில் எப்படிப் பொருத்துவது? பிழை சொல்லி நின்றுவிடுகிறதே?

மாஸ் தொகுப்பில் உள்ள ஃபிட்டிஸ்ட்ர் போதும். வரைபடங்களும் வேண்டுமென்றால் ஃபிட்டிஸ்ட்ர்பிளஸ். இரண்டும் ஷேப்பையும் ரேட்டையும் தரும். 'ஆப்டிமைசேஷன் ஃபெயில்ட்' என்று வந்தால், பெரும்பாலும் தரவு லட்சங்களில் இருக்கும். ரூபாய்த் தொகைகளைப் பொருத்தும்போது இது சகஜம். ரேட் மிகமிகச் சின்ன எண்ணாகிவிடுவதால் தேடல் தடுமாறுகிறது. தரவை ஆயிரத்தால் வகுத்துப் பொருத்துங்கள். ஷேப் மாறாது, கிடைத்த ரேட்டை ஆயிரத்தால் வகுத்தால் பழைய அலகுக்குத் திரும்பிவிடலாம்.

சராசரி, பரவற்படி வழியாக மேலே போட்ட கணக்கு தொடக்கத்துக்குச் சரி. அதிகபட்ச லைக்லிஹுட் முறை பொதுவாக அதைவிடத் துல்லியம், முக்கியமாக ஷேப் சின்னதாக இருக்கும்போது. கையாலேயே போட்டுப் பார்க்க ஒரு நல்ல தோராயம் இருக்கிறது. சராசரியின் இயல் மடக்கையிலிருந்து மடக்கைகளின் சராசரியைக் கழியுங்கள். அதை எஸ் என்போம். 3-இலிருந்து எஸ்-ஐக் கழித்து ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கத்தோடு எஸ்-இன் 24 மடங்கைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். இரண்டையும் கூட்டி, எஸ்-இன் 12 மடங்கால் வகுத்தால் ஷேப். எஸ் 0.1302 என்றால் விடை 3.99, உண்மையான விடை 4. இந்த நெருக்கத்தைப் பார்த்த பிறகு, சின்ன வேலைகளுக்கு நான் தொகுப்பையே ஏற்றுவதில்லை.

தரவில் பூஜ்யங்கள் இருக்கின்றன. 0.001 சேர்த்துவிடலாமா?

வேண்டாம், தயவுசெய்து. மேலே பார்த்தபடி பொருத்துதலில் ஒவ்வொரு மதிப்பின் மடக்கையும் வருகிறது. 0.001 சேர்த்தால் மடக்கை −6.9, 0.000001 சேர்த்தால் −13.8. நீங்கள் ஏதோ ஒரு சின்ன எண் என்று நினைத்துச் சேர்த்ததே ஷேப்பைத் தீர்மானித்துவிடும். இரண்டு சின்ன எண்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

சரியான வழியை மழைக்கணக்கில் பார்க்கலாம். வறட்சியை அளக்கும் தரப்படுத்தப்பட்ட மழைக் குறியீட்டை 1993-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்கீ, டோஸ்கன், கிளைஸ்ட் மூவரும் முன்வைத்தார்கள். பல ஆண்டு மழைத் தொகைக்குக் காமாவைப் பொருத்தி, இந்த ஆண்டு மழை அந்தப் பரவலில் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதை இயல்நிலைப் பரவலின் எண்ணாக மாற்றுவதுதான் அந்தக் குறியீடு. உலக நாடுகளின் வானிலைத் துறைகள் இதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2009-இல் லிங்கன் பிரகடனம் பரிந்துரைத்தது. இந்திய வானிலைத் துறையும் இதைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. ஆனால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பிப்ரவரியை மட்டும் எடுத்துப் பார்த்தால் பல ஆண்டுகளில் மழையே இருக்காது. காமாவுக்குப் பூஜ்யம் ஆகாது.

ஆகவே இரண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள். மழையே பெய்யாத ஆண்டுகளின் பங்கைத் தனியாக எண்ணுங்கள். 30 ஆண்டில் 9 என்றால் 0.3. மிச்சம் 21 ஆண்டுக்கு மட்டும் காமாவைப் பொருத்துங்கள். ஒரு மழை அளவுக்குக் கீழே உள்ள மொத்த நிகழ்தகவு என்பது 0.3-உடன், 0.7 மடங்கு பிகாமாவைக் கூட்டினால் வருவது. நிரலில் ஒரே வரி. காப்பீட்டுக் கோரிக்கை, கடைக்கு வந்தவர் செலவிட்ட தொகை எல்லாவற்றுக்கும் இதே உத்திதான்: 'நடந்ததா?' என்பது ஒரு கேள்வி, 'நடந்திருந்தால் எவ்வளவு?' என்பது இன்னொன்று.

பூஜ்யம் என்பது உண்மையில் 'கருவி அளக்க முடியாத அளவு குறைவு' என்றால் விஷயம் வேறு. அப்போது அதைக் கத்தரிக்கப்பட்ட (சென்சார்ட்) தரவாகக் கொண்டு, அந்த எல்லைக்குக் கீழே உள்ள பிகாமாவை லைக்லிஹுட்டில் சேர்க்க வேண்டும். ஃபிட்டிஸ்ட்ர்பிளஸில் இதற்கென்றே ஃபிட்டிஸ்ட்சென்ஸ் இருக்கிறது.

ஜிஎல்எம்-இல் காமா குடும்பம் எப்போது?

ஜிஎல்எம் என்பது பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரி, அதாவது ஒரு விளைவின் சராசரியை மற்றக் காரணிகளோடு இணைக்கும் முறை. அதில் காமா பொருந்துவது, விளைவு எப்போதும் நேர்மதிப்பாகவும், சராசரி கூடக்கூடத் திட்ட விலக்கமும் அதே விகிதத்தில் கூடுவதாகவும் இருந்தால். மருத்துவச் செலவு, பழுது பார்க்கும் நேரம் மாதிரியானவை. ஆர் மொழியில் குடும்பத்தின் பெயரைப் பெரிய ஜி போட்டு எழுத வேண்டும். சின்ன ஜி போட்டால் அது காமா சார்பு (ஃபேக்டோரியலைப் பொதுமைப்படுத்தும் கணிதச் சார்பு), குடும்பம் இல்லை.

இயல்பிருப்பு இணைப்பு தலைகீழி. அதாவது நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் சராசரியின் தலைகீழிக்கு நேர்கோட்டைப் பொருத்தும். கெழு நேர்மதிப்பாக இருந்தால் விளைவு குறைகிறது என்று பொருள், படிப்பவர் தலையைச் சுற்றவைக்கும். பைதானின் ஸ்டாட்ஸ்மாடல்ஸிலும் இதே இயல்பிருப்புதான். எனக்குத் தெரிந்து பெரும்பாலோருக்கு வேண்டியது லிங்க் = லாக். அதில் கெழுவின் அடுக்குக்குறியை எடுத்தால் 'இத்தனை மடங்கு' என்று நேரடியாகச் சொல்லிவிடலாம்.

ஷேப் எங்கே என்று தேடுகிறீர்களா? அறிக்கையின் கீழே டிஸ்பெர்ஷன் என்று ஓர் எண் இருக்கும், அதன் தலைகீழிதான். 0.25 என்றால் ஷேப் 4. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் மாஸ் தொகுப்பின் காமா.ஷேப்.

ஜாக்ஸ் எடுத்துக்காட்டுகளில் எல்லாம் டிகாமா(0.001, 0.001) இருக்கிறதே, நானும் போடலாமா?

அது பக்ஸ் காலத்து வழக்கம். 'எனக்கு எதுவும் தெரியாது' என்று சொல்லும் முன்பரவல் (தரவைப் பார்க்கும் முன் நம் கருத்தைச் சொல்லும் பரவல்) என நினைத்துத் துல்லிய அளவுருவுக்கு, அதாவது பரவற்படியின் தலைகீழிக்கு, அதைப் போட்டார்கள். சராசரி 1, பரவற்படி 1000, பார்க்க அகலமாகத்தான் தெரிகிறது. க்யூகாமா(0.5, 0.001, 0.001) என்று கேட்டுப் பாருங்கள். இடைநிலை மதிப்பில், தசமப் புள்ளிக்குப் பின் 298 பூஜ்யங்கள் வந்த பிறகுதான் ஒரு 5 வரும். எதுவும் தெரியாதவர் சொல்லுகிற கருத்தா இது?

தரவு நிறைய இருந்தால் இது பாதிக்காது. அடுக்கு மாதிரிகளில் குழுக்கள் ஐந்தாறு மட்டும் இருந்து, குழுக்களுக்கிடையே வேறுபாடு சின்னதாக இருந்தால் நன்றாகவே பாதிக்கும். புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன் 2006-இல் இதை விரிவாகக் காட்டினார். அரை இயல்நிலை, அரை டி மாதிரியானவற்றைத் திட்ட விலக்கத்தின் மேலேயே நேராக வைப்பதுதான் இப்போதைய போக்கு.

ஆர்காமா பூஜ்யத்தையே தருகிறது. பழுதா?

இல்லை. ஷேப் 0.001 என்றால், பரவலின் ஏறக்குறைய பாதி, கணினி எழுதக்கூடிய மிகச்சிறிய எண்ணைவிடவும் கீழே கிடக்கிறது. அதைப் பூஜ்யமென்று எழுதுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. அந்த எண்களின் மடக்கைதான் உங்களுக்கு வேண்டுமென்றால், ஷேப்போடு 1 கூட்டிக் காமா எண்ணை உருவாக்கி, அதன் மடக்கையோடு, ஒரு சீரான சமவாய்ப்பு எண்ணின் மடக்கையை மூல ஷேப்பால் வகுத்துக் கூட்டுங்கள். எல்லாம் மடக்கையிலேயே நடப்பதால் எதுவும் தொலையாது.

இதன் உறவுக்காரத் தொல்லைகள் இரண்டு. 1-இலிருந்து பிகாமா(50, 1)-ஐக் கழித்தால் 0 வரும். உண்மையான விடை ஏறக்குறைய 1.93-ஐப் பத்தின் 22-ஆம் அடுக்கால் வகுத்தது. லோயர்.டெயில் = ஃபால்ஸ் போட்டால், அல்லது சைபையின் எஸ்எஃப்-ஐக் கேட்டால், அது கிடைக்கும். அடுத்தது, அடர்த்திச் சூத்திரத்தை நீங்களே எழுதினால் காமா(172)-இல் எண் கொள்ளாமல் இன்ஃப் ஆகிவிடும். எல்காமா கொண்டு மடக்கையில் எழுதி, கடைசியில் மட்டும் மாற்றுங்கள்.

ஒரே சீட் கொடுத்தும் ஆர், பைதான் எண்கள் ஒத்துப்போகவில்லை.

ஒத்துப்போகாது. சீட் என்பது தொடக்க எண் மட்டும்தான், அடியில் ஓடும் எண் உற்பத்தியே வேறு: ஆர் மொழியில் மெர்சென் ட்விஸ்டர், நம்பையின் புது ஜெனரேட்டரில் பிசிஜி64. அதற்கு மேல் காமாவாக மாற்றும் முறையும் வேறு. ஆர் பயன்படுத்துவது ஆரென்ஸ், டீட்டர் இருவரின் 1974, 1982 முறைகளை; நம்பை மார்சாக்லியா, சாங் இருவரின் 2000-ஆம் ஆண்டு முறையை. ஒப்பிட வேண்டுமென்றால் ஒரு பக்கம் உருவாக்கிய எண்களைக் கோப்பில் எழுதி மறுபக்கம் படியுங்கள்.

பைதானில் காமா என்ற பெயரில் எத்தனை இருக்கிறது?

மேத்.காமாவும் சைபை.ஸ்பெஷல்.காமாவும் காமா சார்பு, 5 கொடுத்தால் 24. சைபை.ஸ்டாட்ஸ்.காமா என்பது பரவல். நம்பை.ராண்டம்.காமா எண் உருவாக்கி. இறக்குமதி வரிகளில் இரண்டை அதே பெயரில் கொண்டுவந்தால் பின்னதுதான் நிற்கும். நிறைவுறாக் காமா சார்பிலும் கவனம்: சைபையின் காமாஇன்க் முதலில் ஷேப்பைக் கேட்கும், மேட்லாபின் காமாஇன்க் முதலில் மதிப்பைக் கேட்கும். பெயர் ஒன்று, வரிசை தலைகீழ். இரண்டுமே மொத்தத்தால் வகுத்த வடிவம் என்பதால் ஸ்கேல் 1-இன் பிகாமாவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

காமா எண்ணை வைத்து வேறு பரவல்களை உருவாக்க முடியுமா?

தாராளமாக. ஷேப் விடுதலை அளவில் பாதி, ஸ்கேல் 2 என்றால் கை-வர்க்கம். ஒரே ஸ்கேலில் பல காமா எண்களை எடுத்து அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் டிரிஷ்லே. எனக்குப் பிடித்தது பாய்சான் கலவை: காமாவில் ஓர் எண் எடுத்து அதையே பாய்சானின் சராசரியாகக் கொடுத்தால் எதிர்மறை ஈருறுப்புப் பரவல். அந்தப் பரவலுக்கான ஆர் கட்டளை ஆர்என்பினாமில் சைஸ் என்று கேட்பது அந்தக் காமாவின் ஷேப்தான். அதன் ஸ்கேல், மியூவை (சராசரியை) சைஸால் வகுத்தது.

பொருத்தியது சரியா என்று எப்படிப் பார்ப்பது?

க்யூ-க்யூ வரைபடம் போடுங்கள். தரவை ஏறுவரிசையில் அடுக்கி, அதே எண்ணிக்கையில் க்யூகாமா மதிப்புகளை எதிரே வைத்தால் புள்ளிகள் மூலைவிட்டக் கோட்டில் ஏறக்குறைய அமர வேண்டும். வலது மேல் மூலையில் புள்ளிகள் கோட்டுக்கு மேலே பறந்தால் உங்கள் தரவின் வால் காமாவைவிடக் கனமானது. மடக்கை-இயல்நிலைப் பரவலையும் போட்டுப் பாருங்கள்.

தரவுக்கும் பரவலுக்கும் உள்ள விலகலைச் சோதிக்கும் கேஎஸ்.டெஸ்ட்டை நேராகப் போடாதீர்கள். தரவிலிருந்தே ஷேப்பையும் ரேட்டையும் எடுத்துவிட்டு, அதே தரவை அந்த அளவுருக்களோடு ஒப்பிட்டால் பி-மதிப்பு இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக வரும். தன் விடைத்தாளைத் தானே திருத்துகிற மாதிரி. கட்டாயம் ஒரு பி-மதிப்பு வேண்டுமென்றால், பொருத்திய காமாவிலிருந்து ஆயிரம் போலித் தரவுகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் மறுபடி பொருத்தி அதே விலகலைக் கணக்கிட்டு, உங்கள் தரவின் விலகல் அந்த ஆயிரத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஆர் மொழியில் பத்து வரிக்குள் முடிந்துவிடும். அந்தப் பத்து வரியிலும் ஆர்காமாவுக்கு ரேட்டைப் பெயர் சொல்லிக் கொடுங்கள்.